அலமாரிக்குப் பின்னால் ஒரு கட்டில்

பின்கதவை அடைத்துச் சுவர் எழுப்பிய நாளிலிருந்துதான் அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் அவள் பயந்த சுபாவம் உள்ளவள் அல்ல. பாதி ஆயுளைப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கழித்தவள். ரத்தத்தையும் அலறலையும் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போயிருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு அவளுடைய தம்பியுடையது. நகரம் ஓய்ந்து தனித்தனி வீடுகளாக வரிசை பிடித்து நிற்கும் பகுதி அது. தெரு என்று பேர்தானே தவிர, ஒரு வேன் நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர்கூட இறங்கி ஒதுங்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில், "இனிமேல் எங்களால செய்ய ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்களே, அவர்களில் பலருக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. இடுப்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். அவர்களைச் சில மாதங்கள் வைத்துப் பராமரிக்கும் இடமாகத் தம்பி தன் வீட்டை மாற்றியிருந்தான். யோசனை அவனுடையது, உழைப்பு அக்காவுடையது. அங்கே தங்கியிருந்த எல்லோருமே, அவளைவிட மூத்தவர்கள் உட்பட, அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஐந்து பேர் வரைக்கும் வைத்துக்கொள்ள நகராட்சி அனுமதி கொடுத்திருந்தது. அந்த ஐந்து பேரோடு அது வீடாகத்தான் இருந்தது. பிறகு ஆறாவது ஆள் வந்தார். "பாவம்க்கா, ஒருத்தர்தானே" என்றான் தம்பி. ஏழாவது ஆளுக்கும் அதே பாவம், எட்டாவது ஆளுக்கும் அதே பாவம். ஹாலைப் பிளைவுட் பலகையால் குறுக்கே மறித்துக் கட்டில்கள் போட்டான். இடுப்பு எலும்பு ஒட்டாமல் வாக்கரோடு நடந்துகொண்டிருந்த தையல்காரம்மா தன் பங்குக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, "உன் தம்பி அளவெடுக்காமலே வெட்டிட்டான் போல. கைக்கே இடம் பத்தல, உடம்பை எங்கே நுழைக்கிறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

கடைசியில் நடைபாதைதான் மிச்சம் இருந்தது. சமையலறையைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போகும் நடை. தம்பி கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்கதவைக் கழற்றி, அந்த இடத்தைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டான். நடையின் கோடியைப் பலகையால் மறித்ததும் ஒரு அறை கிடைத்தது. ஜன்னல் கிடையாது. மேலே ஒரு சின்னக் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கேதான் லாரிக்காரரைப் படுக்க வைத்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர், ஆஜானுபாகு. பக்கவாதத்தில் பேச்சும் போய், இடது பக்கமும் போய்விட்டது. வலது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவது ஒன்றுதான் அவருடைய பாஷை. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் வேண்டாம்.

"இங்கே ஏதாவது ஆச்சுன்னா இவரை எப்படிடா வெளியே எடுக்கிறது?" என்று அக்கா கேட்டாள்.

"என்ன ஆகும்? நீ எதுக்கு நல்ல நேரத்துல அபசகுனமா பேசறே?" என்றான் தம்பி.

அடுத்த மாதமே அது ஆனது. சாயங்காலம் டீக்குத் தண்ணீர் சுட வைத்திருந்த கெட்டிலின் பிளக்கில் பொறி கிளம்பி, பக்கத்துப் பலகை கருகிப் புகைய ஆரம்பித்தது. அக்கா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். தீ பிடிக்கவில்லை. ஆனால் புகை கிளம்பியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி நகர்ந்ததில், தையல்காரம்மாவின் வாக்கர் இரண்டு பலகைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அவளுக்குப் பின்னால் நான்கு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். நடையின் கோடியிலிருந்து லாரிக்காரர் கம்பியைத் தட்டும் சத்தம் விடாமல் கேட்டது. ஒன்றுமில்லை, இரண்டுமில்லை, கணக்கில்லாத தட்டு.

புகை அடங்கிய பிறகும் அந்தச் சத்தம் அக்காவின் காதைவிட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவும்போது கேட்கும். குளிக்கும்போது கேட்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிளக்குகளைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள். கடைக்குப் போனால் பாதி வழியிலேயே வாங்க வந்ததை மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வருவாள். தெருமுனையிலிருந்து வீட்டுக்கு மேல் வானத்தைப் பார்ப்பாள். புகை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

தம்பியிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "அதுக்குத்தான்க்கா பெருசா கட்டப்போறேன். கவலைப்படாதே" என்று சொல்லி வரைபடத்தை விரித்தான். பின்புறம் இரண்டு அடுக்குக் கட்டடம், இருக்கிற வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி, முப்பது கட்டில். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வரைபடத்தில் பழைய பின்கதவு பத்திரமாக அதே இடத்தில் இருந்தது. பலகை மறைப்புகள் ஒன்றுகூட இல்லை. பின்கட்டடத்தில் இருப்பவர்கள் தெருவுக்கு வர அந்தக் குறுகிய நடைதான் வழி.

"கதவு இருக்கிற மாதிரி வரைஞ்சிருக்கே?"

"காகிதத்துல இருந்தா போதும்க்கா."

அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அம்மா வேலைக்குப் போன நாட்களில் இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடந்தவள். அவன் முகத்தைப் பார்த்தே அவன் மனதில் ஓடுவதைச் சொல்லிவிடுவாள். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிளக்கைவிட அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

நகராட்சிக்கு மனு போயிற்று. வாசல் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். பக்கத்து வீட்டில் இருந்தவர், தெருவே கணக்கு வாத்தியார் என்று கூப்பிடும் மனிதர், உடனே ஆட்சேபம் எழுதிப் போட்டார். ஆம்புலன்ஸ் வந்தால் தன் காரை எடுக்க முடியவில்லை, மாடி எழும்பினால் தன் படுக்கையறைக்கு வெளிச்சம் வராது என்று அவருக்கு அவருடைய நியாயம். தம்பி அவரைக் கிண்டல் பண்ணியே வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தான். வெளிச்சம் போய்விடும் என்று அழுகிற ஆளைப் பற்றி லாரிக்காரரிடமும் போய்ச் சொன்னான். அவர் கம்பியைத் தட்டவில்லை.

இடத்தைப் பார்க்க அதிகாரி வரும் நாள் தெரிந்ததும் தம்பி ஒரு வேன் பேசினான். அதிகாரி கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஐந்து பேரை மட்டும் வீட்டில் நிறுத்துவது, மற்றவர்களை ஏற்றி ஏரிக்கரைப் பூங்காவுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. ஹால் பலகைகளைக் கழற்றிக் கார் ஷெட்டில் சாய்த்தார்கள். தையல்காரம்மா தங்குகிற ஐவரில் ஒருத்தி. எல்லாம் ஒழுங்காக முடிந்தது, லாரிக்காரரைத் தவிர. அவரை வேனில் ஏற்ற நான்கு பேர் வேண்டும், ஏற்றினாலும் உட்கார மாட்டார்.

"அவர் அங்கேயே இருக்கட்டும்" என்றான் தம்பி. "அறைக்கு முன்னாடி அலமாரியைத் தள்ளி வச்சிடலாம். பார்க்கிறவங்களுக்கு நடை அதோட முடிஞ்ச மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம்தான்."

"மனுஷனை வச்சு அடைக்கச் சொல்றியா?"

"அடைக்கச் சொல்லல. மறைக்கச் சொல்றேன். இந்த அனுமதி கிடைக்கலேன்னா பாதிப் பேரை நடுத்தெருவுல விடணும். அது உனக்குச் சம்மதமா?"

அக்கா உள்ளே போனாள். லாரிக்காரரை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை முட்டுக்கொடுத்தாள். மல்லாந்துவிட்டால் அவருக்குச் சளி தொண்டையை அடைத்துக்கொள்ளும். "கொஞ்ச நேரம்தான். சத்தம் போடாம இருங்க" என்று அவர் காதில் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு ஒரு தடவை தட்டினார். அலமாரியின் ஒரு பக்கத்தைத் தம்பி பிடித்தான், மறுபக்கத்தை அவள் பிடித்தாள். உள்ளே என்ன நடந்தாலும் இனி அவளுக்குத் தெரியாது.

அதிகாரி ஒரு பெண். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கையில் வரைபடமும் அளவு காட்டும் கருவியுமாக வந்தாள். அதிகம் பேசவில்லை. வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், பின்சுவர் அருகே நின்று அங்கிருந்த புதுப் பூச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்கே கதவு இருக்கணுமே?"

"இருந்துச்சு மேடம். கரையான் அரிச்சுப் போச்சு. புதுக் கட்டடத்தோட சேர்த்துப் புதுசா போட்டுடலாம்னு இருக்கேன்" என்றான் தம்பி. கண்ணிமைக்காமல் சொன்னான்.

உள்ளே வந்தார்கள். தம்பி ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினான், நலம் விசாரித்தான், ஒரு கிழவரின் போர்வையைச் சரி செய்தான். அதிகாரி சமையலறையை அளந்துவிட்டு நடைக்குள் திரும்பினாள். அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அது கேட்டது.

தட்டுகிற சத்தமல்ல. அலமாரிக்குப் பின்னாலிருந்து, சேற்றில் காலை வைத்து எடுப்பது போன்ற மூச்சு. அவர் சரிந்துவிட்டார். மல்லாந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் தெரியும்.

தம்பிக்கும் கேட்டிருக்க வேண்டும். குரலை உயர்த்திக்கொண்டு, "மேலே டாங்க் வைக்கிற இடத்தைக் காட்டறேன், வாங்க மேடம்" என்றான். அதிகாரி வரைபடத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாலில் யாரோ டிவியைப் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மூச்சு ஒரு தடவை இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். மிரட்டவில்லை. கெஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அப்பா வருவதற்கு முன் பார்ப்பானே, அதே பார்வை. மூச்சு மறுபடி நின்றது. இந்த முறை திரும்ப வரவில்லை.

"மேடம், கொஞ்சம் கை குடுங்க" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அலமாரியில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்திருந்தாள்.

"அக்கா" என்றான் தம்பி மெதுவாக.

அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வரைபடத்தைத் தரையில் போட்டுவிட்டு மறுபக்கம் வந்து தள்ளினாள். அலமாரி கிறீச்சிட்டு நகர்ந்தது. அக்கா இடைவெளியில் உடம்பை நுழைத்து உள்ளே போனாள். லாரிக்காரரின் உதடு நீலம் பூத்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. தட்டுவதற்குக்கூட வழியில்லாமல் கிடந்திருக்கிறார். அவரைப் புரட்டி, தாடையைப் பிடித்து, கட்டிலோரம் மாட்டியிருந்த சளி உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டாள். அதிகாரி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் நிற்க அங்கே இடம் போதவில்லை. நெடுநேரம் போலத் தோன்றிய ஒரு நேரத்துக்குப் பிறகு, அவர் மார்பு ஒரு தடவை எழும்பியது. இருமினார். நிறம் திரும்பியது.

அதிகாரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். செங்கல் வைத்துப் பூசிய இடத்தைப் பார்த்தாள். "இவரை உள்ளே வச்சு மறைச்சது யாரு?" என்று கேட்டாள்.

தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும்தான்."

அதன் பிறகு தம்பி அவளோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். திட்டினால் திருப்பித் திட்டிவிடலாம். அவன் சாப்பிட வந்தான், தட்டைக் கழுவி வைத்தான், வேலைக்காரப் பெண்ணிடம் "அவங்ககிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்பினான். அக்கா என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து ஒழிந்துபோயிற்று. நடையில் அவன் காலடி கேட்டாலே அவளுக்கு உடம்பு விறைத்தது. என்ன செய்வானோ என்ற பயமில்லை அது. இனி என்றைக்குமே ஒன்றும் செய்ய மாட்டானோ, இப்படியே இருந்துவிடுவானோ என்ற பயம்.

மறுப்பு உத்தரவு வந்தபோது தையல்காரம்மாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் உரக்கப் படித்தாள். தெரு குறுகலானது, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்து திரும்ப இடமில்லை. கட்டடம் பக்கத்து வீட்டை நெருக்கி அதன் வெளிச்சத்தை மறைக்கும். குடியிருப்பு வீடாக இருந்தது குடியிருப்புத் தன்மையையே இழந்துவிடும். அவசரத்தில் வெளியேற இரண்டாவது வழி இல்லை. ஆகவே விரிவாக்கத்துக்கும் கூடுதல் ஆட்களுக்கும் அனுமதி மறுக்கப்படுகிறது. ஏற்கெனவே அனுமதித்த ஐந்து பேருக்கு மேல் இருப்பவர்கள் வேறிடம் மாற்றப்பட வேண்டும், பின்கதவு திறக்கப்பட வேண்டும்.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "சரி, ஐந்து பேர் யாரு? நீ சொல்லு" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "நல்லதுதான் பண்ணினே. இல்லேன்னு சொல்லல. ஆனா என் பெட்டியைத் தூக்கிட்டு நான் எங்கே போறது? அதையும் யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். அதனால்தான் இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்போய், எங்கே ஒரு கட்டில் காலியாகும், யார் வீட்டில் ஒரு அறை கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு அலைந்தாள். சிலர் முகம் கொடுத்துப் பேசினார்கள். சிலர் கதவிடுக்கிலேயே பதில் சொல்லி அனுப்பினார்கள். மூன்று பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு அவளே போன் பண்ணி, ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

தம்பி மேல்முறையீடு செய்யப்போவதாக வேலைக்காரப் பெண் மூலம் தெரிந்தது. அதுவரைக்கும் யாரும் நகர வேண்டியதில்லை, கதவும் அப்படியே இருக்கட்டும் என்றானாம். அக்கா அன்று மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்த இடத்துக்கே போனாள்.

"நீ அந்தக் கட்டில்ல போய்ப் படு. நான் அலமாரியைத் தள்றேன். பத்து நிமிஷம். அதுக்கப்புறம் கதவு வேண்டாம்னு சொன்னா, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"விளையாடறியா?" என்றான். அதிகாரி வந்துபோன பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"விளையாடல."

அவன் கை கழுவிவிட்டு எழுந்தான். ரோஷத்தில் நடையின் கோடி வரைக்கும் வேகமாகத்தான் போனான். லாரிக்காரரை ஹாலுக்கு மாற்றியிருந்ததால் கட்டில் காலியாக இருந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காலை எடுத்து உள்ளே வைக்கப்போனவன் வைக்கவில்லை. முதுகு மட்டும்தான் அக்காவுக்குத் தெரிந்தது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

திரும்பி அவளைத் தாண்டிப் போனபோது, "எனக்கு மட்டும் பயம் இல்லேன்னு நினைச்சியா? விட்டா எல்லாம் கையை விட்டுப் போயிடும்னு தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். அவள் பதிலுக்கு அவன் நிற்கவில்லை. மறுநாள் காலையில் கொத்தனார் கடப்பாரையோடு வந்தார்.

ஒவ்வொருவராகப் போனார்கள். தையல்காரம்மாவை ஐவரில் ஒருத்தியாக வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னதற்கு, "எனக்கு இடம் கொடுத்துட்டு நடக்கவே முடியாத ஒருத்தரை அனுப்புவியா? வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தன் கூடப்பிறந்த அக்காவின் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது கட்டிக்கொள்ளவில்லை. அக்காவின் ரவிக்கைத் தையல் பிரிந்திருப்பதைக் காட்டி, "இதைத் தைச்சுப் போடு, பார்க்கச் சகிக்கல" என்று மட்டும் சொன்னாள்.

லாரிக்காரரை அழைத்துப்போக வெளியூரிலிருந்து அவர் மகள் வந்தாள். தன் வீட்டிலேயே ஒரு அறையை ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்பாவின் துணிகளை அவள் மடித்து முடிக்கும்வரை அக்கா மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது, எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள். வண்டி வந்து நின்றது. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவால சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்கக்கா. இங்கே நல்லா இருந்தாரா?"

தம்பி முன்னறையில் இருந்தான். அவனுக்குக் கேட்கும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். கேட்டவளும் நிம்மதியாகப் போவாள். கட்டிலில் லாரிக்காரர் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் நல்லா இல்ல" என்றாள் அக்கா. "கொஞ்சம் உட்காருங்க. சொல்றேன்."